வார இறுதித் தமிழ் வகுப்புக்கு வருகைப்பதிவும் வாகன அனுமதியும்: ஒரே விரிதாளில் அமைக்கும் முறை

சிங்கப்பூரில் நான் தொண்டூழியம் செய்யும் வார இறுதித் தமிழ் வகுப்பில் 90 பிள்ளைகள் படிக்கிறார்கள். வளாகத்தினுள் 14 வாகனங்கள் மட்டுமே நிற்கலாம். இடம் கிடைக்காத பெற்றோர் அருகிலுள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் நிறுத்துகிறார்கள். அங்கே பத்து நிமிடத்திற்குள் வெளியேறினால் கட்டணம் இல்லை என்பதால், அதற்குள் பிள்ளையைக் கீழே அனுப்பிவிட வேண்டும் என்பதே நான் இந்த அமைப்புக்கு வைத்த இலக்கு. வருகைப்பதிவை ஒரு குறிப்பேட்டிலும் வாகன அனுமதியை வேறொரு தாளிலும் வைத்திருந்தவரை அது நடக்கவில்லை. கூகல் ஷீட்ஸில் தாள் திறக்கவும் படிவம் உருவாக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

முதற்படி: மாணவர் தாள்

ஒவ்வொரு பிள்ளைக்கும் நீங்களே ஓர் எண் கொடுங்கள். அடையாள அட்டை எண்ணையோ பிறப்புச் சான்றிதழ் எண்ணையோ அதற்குப் பயன்படுத்தாதீர்கள்; சட்டம் கோரும் இடங்களையும் ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டிய இடங்களையும் தவிர, தனியார் அமைப்புகள் அவற்றைச் சேகரிக்கக்கூடாது என்னும் விதி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பெயருக்கு ஒரே கட்டம் போதும். ஆயத்த வார்ப்புருக்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நம் பிள்ளைகளின் பெயரோடு வரும் ‘எஸ்/ஓ’ (இன்னாரின் மகன்), ‘டி/ஓ’ (இன்னாரின் மகள்) அங்கே தகப்பனாரின் பெயரைக் குடும்பப்பெயராக்கி, அகரவரிசையைக் கலைத்துவிடும்.

இரண்டாம் படி: வாகனத் தாள்

வாகன எண்ணை மாணவர் தாளிலேயே ஒரு பத்தியாகச் சேர்க்க வேண்டும் என்று தோன்றும், சேர்க்காதீர்கள். ஒரே பிள்ளையை இந்த வாரம் அப்பாவும் அடுத்த வாரம் தாத்தாவும் வேறு வேறு கார்களில் அழைத்துச் செல்வார்கள். ஒரே காரில் அக்காவும் தம்பியும் ஏறுவார்கள். ஆகவே தனித் தாள் ஒன்றில், ஒரு வரிசைக்கு ஒரு வாகன எண்ணும் ஒரு மாணவர் எண்ணும் மட்டும் இருக்கட்டும்.

மூன்றாம் படி: இறுதி எழுத்தைச் சரிபார்த்தல்

என்னை மூன்று வாரம் அலைக்கழித்த படி இதுதான். சிங்கப்பூர் வாகன எண்ணின் கடைசியில் நிற்கும் எழுத்து அழகுக்காக இடப்பட்டதன்று. அது முன்னுள்ள எழுத்துகளையும் இலக்கங்களையும் கொண்டு கணக்கிடப்படுவது. தொடக்க எழுத்துகளில் கடைசி இரண்டை அவற்றின் வரிசை எண்ணாக மாற்றி, நான்கு இலக்கங்களையும் சேர்த்து, கிடைக்கும் ஆறு எண்களை முறையே 9, 4, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, 19ஆல் வகுக்க வேண்டும். மீதி 0 முதல் 18 வரை எதுவோ, அதற்குரிய எழுத்து இந்த வரிசையில் இருக்கும்: ஏ, இசட், ஒய், எக்ஸ், யு, டி, எஸ், ஆர், பி, எம், எல், கே, ஜே, எச், ஜி, இ, டி, சி, பி. தமிழில் ‘டி’யும் ‘பி’யும் இருமுறை வருவது அச்சுப்பிழையன்று, முதலில் வருபவை ஆங்கில அகரவரிசையின் 20ஆம், 16ஆம் எழுத்துகள், பின்னர் வருபவை 4ஆம், 2ஆம் எழுத்துகள்.

எஸ்பிஎஸ் 3229 என்னும் பேருந்து எண்ணை எடுத்துக்கொள்வோம். இதில் ‘பி’ 2, ‘எஸ்’ 19. பெருக்கினால் 18, 76, 15, 8, 6, 18, கூட்டுத்தொகை 141, 19ஆல் வகுத்தால் மீதி 8. எனவே இறுதி எழுத்து 16ஆம் எழுத்தான ‘பி’.

நான் முதலில் தொடக்க எழுத்துகளின் முதல் இரண்டை எடுத்தேன். ஏறக்குறைய எல்லா எண்களும் தவறென்று வந்ததால் அந்தப் பிழை அன்றே தெரிந்துவிட்டது. இரண்டாவது பிழைதான் ஒளிந்திருந்தது. மூன்று இலக்க எண்களுக்கு முன்னே சுழியம் சேர்த்து நான்காக்க நான் மறந்துவிட்டேன். 729 என்பதை 0729 என்று கணக்கில் கொள்ளாவிட்டால் பெருக்கும் எண்கள் ஓரிடம் நகர்ந்துவிடும். அத்தகைய எண் இரண்டு குடும்பங்களிடம் மட்டுமே இருந்ததால், அவர்கள்தாம் தவறாகத் தட்டுகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கணக்கை, கூகல் ஷீட்ஸில் நிரல் எழுத உதவும் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் ஒரு சிறிய செயற்கூறாக எழுதிக்கொள்ளுங்கள். நீண்ட சூத்திரமாக ஒரு கட்டத்தில் திணித்தால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது. 19 பகா எண் என்பதால், ஓர் இலக்கம் மாறினாலும் அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் இந்தச் சரிபார்ப்பு தவறாமல் கண்டுபிடிக்கும்.

நான்காம் படி: வாயில்

வாயிலில் நிற்பவர் கைப்பேசியில் எண்ணைத் தட்டியதும் பிள்ளையின் பெயரும் வகுப்பறையும் மேலே உள்ள ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். பட்டியலில் தேடி எடுத்துத் தரும் ‘விலுக்அப்’ சூத்திரத்தைப் பயன்படுத்துவோர் அதன் கடைசிப் பகுதியில் ‘ஃபால்ஸ்’ என்று கட்டாயம் குறிப்பிட வேண்டும். விட்டுவிட்டால் அது ஏறத்தாழப் பொருந்தும் எண்ணையும் ஏற்று, பட்டியலில் இல்லாத காருக்கு வேறொரு பிள்ளையின் பெயரைக் காட்டிவிடும். பள்ளி அமைப்பில் இதைவிட ஆபத்தான பிழை எனக்குத் தோன்றவில்லை. ஒரே காரில் இருவர் ஏறுவதால், பொருந்தும் எல்லா வரிசைகளையும் தரும் ‘ஃபில்டர்’தான் என் தேர்வு. எண்ணைப் படிக்கும் கேமரா வாங்கலாமே என்று நிர்வாகக் குழுவில் கேட்டார்கள். 14 இடங்களுக்கு அது வீண் செலவு; மழை நாளில் வெள்ளைச் சட்டையுடன் குடை பிடித்து நிற்கும் நம் ஐயா அதைவிடத் தெளிவாகப் படிக்கிறார்.

ஐந்தாம் படி: வருகைப்பதிவு

நேர மண்டலத்தை விரிதாளிலும் ஸ்கிரிப்டிலும் தனித்தனியே சிங்கப்பூருக்கு மாற்றுங்கள். மாற்றாமல் அது அமெரிக்க மேற்குக்கரை நேரத்திலேயே இருந்துவிட்டால், நம் சனிக்கிழமைக் காலை ஒன்பது மணி அங்கே வெள்ளிக்கிழமை மாலையாக இருப்பதால், சனிக்கிழமை வருகை முழுவதும் சுழியமாகத் தெரியும். வராத பிள்ளைகளின் பெற்றோருக்கு மட்டும் மின்னஞ்சல் அனுப்புங்கள். இலவசக் கணக்கில் ஸ்கிரிப்ட் வழியாக நாளொன்றுக்கு 100 பெறுநர்களுக்கு மேல் அனுப்ப இயலாது.

பிற்சேர்க்கை

இதைப் பார்த்துத் தங்கள் வகுப்புக்கு அமைத்துக்கொண்ட ஒருவர், ஜொகூரிலிருந்து பேரனை அழைக்க வந்த தாத்தாவின் காரை அமைப்பு ஏற்கவில்லை என்று எழுதினார். மலேசிய எண்களில் இந்தச் சரிபார்ப்பு எழுத்து கிடையாது. வாகனத் தாளில் ‘வெளிநாட்டு எண்’ என்று ஒரு குறிப்பெட்டி சேர்த்து, அது குறிக்கப்பட்ட வரிசைகளுக்கு மூன்றாம் படியைத் தவிர்த்துவிட்டேன். வாடகை காரில் வருவோருக்கு ஒவ்வொரு வாரமும் எண் மாறும். அவர்களை வாகனத் தாளில் சேர்க்காமல், பிள்ளையின் மாணவர் எண்ணையே வாயிலில் சொல்லச் சொல்லியிருக்கிறோம்.