மெனு கார்டு வேணாம், காலைல சந்தைக்குப் போங்க: பாங்காக்ல தாய் சாப்பாடு பழகுறது எப்படி

தாய்லாந்துக்கு முதல் தடவ போறவங்க நிறைய பேரு ரூமுக்குப் பக்கத்துல படம் போட்ட மெனு கார்டு வச்சிருக்குற ரெஸ்டாரன்ட்ல உக்காந்து ஒரு பட் தாய் நூடுல்ஸ், க்ரீன் கறிங்குற தேங்காப்பால் குழம்பு ஒண்ணு சாப்பிட்டுட்டு, ஒரே இனிப்பு, மீன் வாடை அடிக்குதுன்னு சொல்லி மறுநாளே இந்தியன் ரெஸ்டாரன்ட் தேட ஆரம்பிச்சிடுறாங்க. எனக்கு இது ரொம்ப வருத்தமா இருக்கும். அந்த ஊர் சாப்பாடு சந்தைலேர்ந்து தான் ஆரம்பிக்குது, காலைல ரெண்டு மணி நேரம் சந்தைல நடந்தீங்கன்னா தட்டுல என்ன கிடக்குன்னு உங்களுக்கே புரியும், புரிஞ்சிட்டா பயம் போயிடும். ஒரு சனிக்கிழமைய இதுக்குன்னு ஒதுக்கிக்கோங்க, நான் பண்ற மாதிரியே வரிசையா சொல்றேன்.

ஸ்டெப் 1: எந்த சந்தை

சந்தைக்கு தாய்ல தலாட்னு பேரு. காய்கறி, மீன், கறி விக்கிறது தலாட் சோட், தண்ணில படகுல நடக்குறது தலாட் நாம், நம்ம வாரச்சந்தை மாதிரி குறிப்பிட்ட நாள்ல மட்டும் கூடுறது தலாட் நட். முதல் நாளுக்கு ஓ தோ கோ சந்தைக்கே போங்க. விவசாயிங்களுக்கான அரசு மார்க்கெட்டிங் அமைப்போட சந்தை அது, அந்த அமைப்போட சுருக்கெழுத்து தான் ஓ தோ கோ. எம்ஆர்டிங்குற மெட்ரோ ட்ரெயின்ல கம்பெங் பெட் ஸ்டேஷன்ல இறங்குனா பக்கத்துலயே. மத்த சந்தைய விட விலை ஜாஸ்தி தான், ஆனா தரை காஞ்சு இருக்கும், சுத்தமா இருக்கும், நின்னு நிதானமா பாக்கலாம். க்லோங் தோய் சந்தை இதவிட பெருசு, உண்மையான பரபரப்பு அங்க தான், ஆனா தரையெல்லாம் ஈரம், தள்ளுவண்டி முதுகுல இடிக்கும், அத ரெண்டாவது தடவைக்கு வச்சிக்கோங்க.

காலைல 8 மணிக்கும் சாயங்காலம் 6 மணிக்கும் ஸ்டேஷன், பார்க், சந்தை மாதிரி பொது இடங்கள்ல தேசிய கீதம் போடுவாங்க. நடந்துட்டு இருக்குற எல்லாரும் அப்படியே நின்னுடுவாங்க, நீங்களும் நில்லுங்க, பாட்டு முடிஞ்ச உடனே எதுவும் நடக்காத மாதிரி கூட்டம் திரும்ப நகரும்.

ஸ்டெப் 2: ஒரு ரவுண்டு, எதையும் வாங்காம

இது தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, இத அவசரமா முடிச்சிடாதீங்க. காய்கறி பக்கம் போனீங்கன்னா பாதி உங்களுக்குத் தெரிஞ்சதாவே இருக்கும். கொத்துக்கொத்தா பச்சையா சின்ன உருண்டை வச்சிருப்பாங்க, அது நம்ம சுண்டைக்காயே தான், அங்க மகுவ புவாங்னு பேரு, நாம வத்தல் போடுறத அவங்க பச்சையாவே க்ரீன் கறில போட்டுடுறாங்க, அந்தக் கசப்பு தான் தேங்காப்பால் இனிப்ப சமன் பண்ணுது. வெள்ளையா வளைஞ்சு கிடக்குறது அகத்திப்பூ. கட்டு கட்டா வல்லாரை, அத ஜூஸ் போட்டும் விப்பாங்க. நீலமா சங்குப்பூ, அந்த நீலத் தண்ணில எலுமிச்ச பிழிஞ்சா கண்ணு முன்னாடியே ஊதாவா மாறும், ஒரு கப் வாங்கிப் பாருங்க.

துளசி தான் என்னைய முதல்ல நிறுத்துன இடம். கோயில்ல தீர்த்தத்துல போட்டு வாங்கிக் குடிச்ச இலை, இங்க கறியோட பூண்டு மிளகா சேத்து பெரிய தீல வதக்குறாங்க, அது தான் பட் கப்ராவ், மேல எண்ணெய்ல பொரிச்ச முட்டை வச்சு சாதத்தோட குடுப்பாங்க, தாய் ஆளுங்க என்ன சாப்பிடுறதுன்னு யோசிக்கத் தோணலைன்னா சொல்ற ஐட்டம் இது. பக்கத்துலயே ஊதாத் தண்டோட இருக்குறது ஹோரபா, நம்ம திருநீத்துப்பச்சிலையோட இனம், சோம்பு வாசனை வரும். ரெண்டையும் கசக்கி மோந்து பாருங்க, அப்புறம் குழப்பமே வராது.

எலுமிச்சம்புல், பேரரத்தை, ரெண்டு இலை ஒட்டுன மாதிரி இருக்குற மக்ரூட்ங்குற எலுமிச்ச வகை இலை, இந்த மூணையும் ஒரே கட்டா கட்டி வச்சிருப்பாங்க, டோம் யாம் சூப்புக்கு அது. எறா போட்ட டோம் யாம் குங் 2024ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்லயே ஏறிடுச்சு. சூப்ல இந்த மூணும் வந்தா மெல்லக் கூடாது, கறிவேப்பிலை மாதிரி ஓரமா ஒதுக்கிடணும், இது தெரியாம கடிச்சிட்டு தான் நிறைய பேரு சூப்பே பிடிக்கலங்குறாங்க. கொத்தமல்லிய வேரோட விப்பாங்க, ஏன்னா பூண்டு, மிளகு, கொத்தமல்லி வேர், இந்த மூணையும் மூணு கூட்டாளிங்கன்னே சொல்லுவாங்க, இடிச்சு வச்சிக்கிட்டா பாதி சமையல் அதுலயே ஓடிடும்.

ஸ்டெப் 3: நாலஞ்சு வார்த்தை

"தாவ் ரை" எவ்ளோ. "அவ் அன் நீ" இது வேணும். "மை பெட்" காரம் வேணாம், "பெட் நிட் நோய்" கொஞ்சமா காரம். "அரோய்" ருசியா இருக்கு. "கோப் குன்" நன்றி. எது சொன்னாலும் கடைசில ஆம்பளைங்க "க்ரப்", பொம்பளைங்க "கா" சேத்துக்கணும், அது தான் மரியாதை. கைல 20, 50, 100 பாட் நோட்டா வச்சிக்கோங்க. சாப்பாட்டுக் கடைல பேரம் பேசாதீங்க, துணிக்கடைல சிரிச்ச முகத்தோட கொஞ்சம் கேட்டுப் பாக்கலாம். நோட்டு பறந்து போனா கால வச்சு மிதிச்சு நிறுத்திடாதீங்க, அதுல ராஜா படம் இருக்கு, அவங்களுக்கு மனசு புண்படும்.

ஸ்டெப் 4: காவ் கேங் கடைல முதல் சாப்பாடு

வரிசையா ட்ரேல குழம்பு, வறுவல் எல்லாம் செஞ்சு வச்சிருக்குற கடை தான் காவ் கேங். மெனுவே கிடையாது, கைய காட்டுனா போதும். ரெண்டு ஐட்டம் காட்டி "ராட் காவ்"னு சொல்லுங்க, சாதத்து மேல ஊத்திக் குடுப்பாங்க. சாதாரணக் கடைல 50, 60 பாட்லயே முடிஞ்சிடும், ஓ தோ கோல கூட ஆகும். நம்ம நாக்குக்கு நான் முதல்ல சொல்றது கேங் சோம், தேங்காப்பால் கிடையாது, புளி, மிளகா, எறா விழுது, அதுல மீனும் சில சமயம் அந்த அகத்திப்பூவும், நம்ம புளிக்குழம்ப தண்ணியா வச்ச மாதிரி இருக்கும்.

வலது கைல ஸ்பூன், இடது கைல ஃபோர்க், ஃபோர்க்கால சாதத்த ஸ்பூனுக்குள்ள தள்ளி ஸ்பூன மட்டும் தான் வாய்ல வைக்கணும். சாப்ஸ்டிக் நூடுல்ஸுக்கு தான், சாதத்துக்கு கேக்காதீங்க. நூடுல்ஸ் கடை மேஜைல நாலு டப்பா இருக்கும்: மிளகாத்தூள், சக்கரை, மிளகா போட்ட வினிகர், மிளகா போட்ட மீன் சாஸ். வர்ற கிண்ணம் பாதி வேலை தான், மீதிய நீங்க தான் முடிக்கணும், முதல்ல ஒரு வாய் சும்மா குடிச்சுப் பாத்துட்டு அப்புறம் ஒவ்வொண்ணா கொஞ்சம் கொஞ்சமா சேருங்க.

ஸ்டெப் 5: சோம் தம்

சோம் தம்னா பப்பாளிக்காய் சாலட். இசான்ங்குற வடகிழக்குப் பகுதி சாப்பாடு, இப்ப நாடு முழுக்க. மண் உரல், மர உலக்கை, ஒரு கைல இடிச்சுக்கிட்டே இன்னொரு கைல ஸ்பூனால கிளறிக் குடுப்பாங்க, முதல்ல பூண்டும் மிளகாயும், அப்புறம் வெல்லம், எலுமிச்ச, தக்காளி, கடைசில சீவுன பப்பாளிக்காய், அத நசுங்காம லேசா தான் இடிப்பாங்க. மிளகா எத்தனன்னு கேப்பாங்க, நாம காரம் சாப்பிடுறவங்க தானேன்னு அஞ்சு விரல் காட்டிடாதீங்க, அந்தக் குட்டி மிளகா வேற ரகம், ஒரு விரல் காட்டுங்க. முதல் தடவைக்கு வேர்க்கடலை போட்ட "சோம் தம் தாய்" கேளுங்க, ஊறவச்ச மீன் போட்ட "ப்லா ரா" வகை வாசனை பழகுனப்புறம் தான் பிடிக்கும். கூடவே காவ் நியாவ்ங்குற ஒட்டுச் சாதம், அத கையாலயே உருட்டித் தொட்டு சாப்பிடணும்.

சைவம் சாப்பிடுறவங்களுக்கு

வெறும் வெஜிடேரியன்னு சொன்னா மீன் சாஸ் போட்டுத் தான் வரும், அவங்க அத அசைவமா நெனைக்கிறதில்ல. மஞ்சள் கொடில சிவப்புல "17" மாதிரி ஒரு எழுத்து தெரியுதான்னு பாருங்க, அது 17 இல்ல, "ஜே"ங்குற வார்த்தை. அந்தக் கடைல கறி, மீன், முட்டை, பால் மட்டுமில்ல, வெங்காயம் பூண்டு கூட கிடையாது. மத்த கடைல "மை சை நாம் ப்லா" மீன் சாஸ் வேணாம், "மை சை குங் ஹேங்" காஞ்ச எறா வேணாம், இத எழுதி போன்ல வச்சிக்கோங்க. ஆனா குழம்பு விழுதுல எறா ஏற்கனவே அரைச்சிருக்கும், அதனால ட்ரேல இருக்குற குழம்பு வேணாம், கண்ணு முன்னாடி வதக்குறத கேளுங்க.

ஸ்டெப் 6: இனிப்புல முடிங்க

கனோம் க்ரோக் எங்க கண்டாலும் நில்லுங்க. நம்ம பணியாரக்கல்லு மாதிரியே குழிக்கல்லு, அரிசி மாவு கீழ மொறுமொறுன்னு பிடிச்சதும் மேல தேங்காப்பால் ஊத்துவாங்க, வெங்காயத்தாள் தூவி, ரெண்டு பாதிய ஒண்ணா சேத்து தருவாங்க. உப்பும் இனிப்பும் சேந்து வரும். உள்ள இருக்குறது கொதிக்கிற தேங்காப்பால், அதனால ரெண்டு நிமிஷம் ஆற விட்டு சாப்பிடுங்க.

வயிறு நிறைஞ்சதும் ஓ தோ கோவுக்கு எதிர்ல இருக்குற சதுசக் சந்தைக்குப் போயிடலாம், சனி ஞாயிறு தான் முழுசா திறந்திருக்கும், 15,000 கடைக்கு மேல, ஒரு பொருள் பிடிச்சா அப்பவே வாங்கிடுங்க, திரும்ப அந்தக் கடைய கண்டுபிடிக்கிறது கஷ்டம். சாயங்காலம் கால் வலி இல்லைன்னா சிலோம் ரோட்டுல தமிழர்ங்க கட்டுன மாரியம்மன் கோயில், வாட் கேக்னு கேட்டா எல்லாரும் வழி சொல்லுவாங்க, வாசல்ல பூ வாங்கிட்டு வரிசைல நிக்கிறதுல முக்காவாசி தாய் மக்கள் தான்.

ஞாயித்துக்கிழமை மிச்சம் இருந்தா பாங்காக்குக்கு வெளிய இருக்குற மேக்லோங் போங்க. தண்டவாளத்து மேலயே சந்தை, ரயில் வர்றப்ப கடைக்காரங்க பந்தல இழுத்து மடக்குவாங்க, தரைல இருக்குற காய்த்தட்டு பாதி அப்படியே இருக்கும், ரயில் அதுக்கு மேல போகும். போன் புடிச்சிட்டு முன்னாடி நீட்டாம கடை ஓரமா ஒட்டி நில்லுங்க, ரயில் போனதும் பக்கத்துல இருக்குற அம்பாவா படகுச் சந்தைக்கு ஷேர் வண்டி கிடைக்கும், அங்க மத்தியானத்துக்கு அப்புறம் தான் படகுல எறா, கணவா சுட ஆரம்பிப்பாங்க.