டைவர்சிட்டி ட்ரெய்னிங்குக்கு வர மாட்டேன்னு டீம்ல சொன்னா என்ன பண்ணலாம்

போஷ் ட்ரெய்னிங் (வேலை எடத்துல பாலியல் துன்புறுத்தல தடுக்கறதுக்கானது), டைவர்சிட்டி ட்ரெய்னிங் (ஆண் பெண், திருநர், சாதினு பாகுபாடு பாக்காம நடந்துக்கறதுக்கானது), எல்லாரும் கட்டாயம் வரணும்னு மெயில் போன அன்னிக்கே ஹெச்ஆர் டேபிள் முன்னாடி நாலு பேர் வந்து நிப்பாங்க. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில அஞ்சு வருஷம், இப்போ ஓஎம்ஆர்ல ஒரு ஐடி கம்பெனினு ரெண்டு இடத்துலயும் இதைப் பாத்துட்டேன். புதுசா ஹெச்ஆர் வேலைக்கு வந்தவங்களுக்கும் டீம் லீடுங்களுக்கும் உதவுமேனு எழுதறேன்.

முதல் வேலை, சட்டத்தை எடுத்து முன்னாடி வெக்காதீங்க, ஆள உக்கார வெச்சு ஏன் வேணாம்னு கேளுங்க. இத நான் பட்டுதான் கத்துக்கிட்டேன். ஃபேக்டரியில ஒரு லைன் சூப்பர்வைசர், இருபது வருஷ சர்வீஸ், "மேடம் நான் வரல, வேணும்னா எழுதிக் குடுத்துடறேன்"னு நின்னாரு, நானும் பத்து நிமிஷம் செக்‌ஷன் நம்பரா சொல்லி வாதாடினேன், அவர் எதுவும் பேசல. மறுநாள் கேன்டீன்ல இன்னொருத்தர் சொல்லித்தான் தெரிஞ்சுது, ஏ ஷிஃப்ட் ரெண்டு மணிக்கு முடியுது, நாங்க ட்ரெய்னிங் வெச்சது ரெண்டரைக்கு, கம்பெனி பஸ் ரெண்டு இருபதுக்கே கெளம்பிடும், அடுத்த பஸ் அஞ்சரைக்குத்தான், அவர் நாலு மணிக்கு பொண்ண ஸ்கூல்ல இருந்து கூப்பிடணும். ட்ரெய்னிங்க ஷிஃப்ட் நேரத்துக்குள்ள மாத்தினோம், வந்தாரு. அதனால நேரம், பஸ், ஓவர்டைம் போகுமா, அன்னிக்கு டார்கெட்ட யார் பாப்பாங்க, இதெல்லாம் முதல்ல தீத்து வைங்க, பாதி எதிர்ப்பு அங்கயே கரைஞ்சிடும். மொழியும் அப்படித்தான். கான்ட்ராக்ட் தொழிலாளிங்கள உக்கார வெச்சு இங்கிலீஷ் ஸ்லைடு ஓட்டினா கோவம் வரத்தான் செய்யும், தமிழ்ல நடத்துங்க, ஒடிசா பீகார் ஆளுங்க இருந்தா அவங்களுக்கு ஹிந்தியில தனியா ஒரு பேட்ச் போடுங்க.

அடுத்து அடிக்கடி வர்றது, "நாங்க என்ன தப்பு பண்ணினோம், குத்தவாளி மாதிரி ஏன் உக்கார வெக்கறீங்க"னு. இந்தக் கேள்வியில நியாயம் இருக்கு, மறுக்காதீங்க. ஹார்வர்ட் பேராசிரியர் ஃப்ராங்க் டாபினும் டெல் அவிவ் பல்கலைக்கழகத்து அலெக்ஸாண்ட்ரா கலெவும் 800க்கு மேல அமெரிக்க கம்பெனிகளோட பல வருஷக் கணக்க அலசி 2016ல எழுதினதே இதுதான், கட்டாயப்படுத்தி மிரட்டற தொனியில நடத்தற ட்ரெய்னிங் பல எடத்துல எதிர்விளைவத்தான் குடுக்குது. அப்போ கட்டாயமே வேணாமானு கேட்டா, நம்ம ஊர்ல அந்த வழி முழுசா இல்ல. 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 19வது பிரிவு, ஊழியர்களுக்கு அப்பப்போ விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தறத முதலாளியோட கடமைனே சொல்லுது, கடமைய செய்யலனா 26வது பிரிவுல 50,000 ரூபா வரைக்கும் அபராதம். மாத்த முடியறது தொனியத்தான். "ஆம்பளைங்க இப்படித்தான்"னு ஆரம்பிக்கற ட்ரெய்னர வேணாம்னு சொல்லுங்க, பக்கத்துல உக்காந்திருக்கறவங்களுக்கு ஒண்ணு நடந்தா நீங்க என்ன செய்வீங்கனு ஆரம்பிக்கற ஆளப் பாருங்க.

அந்த சூப்பர்வைசர் அன்னிக்கு ஒரு கேள்வி கேட்டாரு, "லைன்ல இருக்கற புள்ளைங்கள எம் பொண்ணு மாதிரி நெனச்சு வாடி போடினு கூப்பிடறேன், அதுவும் தப்பாம்மா?" ட்ரெய்னர் பதில் சொல்லல, பின்னாடி உக்காந்திருந்த பொண்ணுங்க பக்கம் திரும்பி நீங்களே சொல்லுங்கனு விட்டாங்க. கொஞ்ச நேரம் யாரும் வாயத் தெறக்கல, அப்புறம் ஒரு பொண்ணு மட்டும், "எங்கப்பாவே நாலு பேர் முன்னாடி அப்படிக் கூப்பிட மாட்டாருண்ணா"னு மெதுவா சொல்லுச்சு. அவர் தலைய ஆட்டிக்கிட்டாரு. அடுத்த வாரத்துல இருந்து பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சாரு, அதுல நாலஞ்சு பேரோட பேரே அவருக்கு அப்பதான் தெரிஞ்சுது.

"பொய்க் கம்ப்ளைன்ட் குடுத்தா எங்க கதி?" இது எல்லா பேட்ச்லயும் வரும், வரலனா பயந்துக்கிட்டு கேக்கலனு அர்த்தம், நீங்களே எடுத்துப் பேசுங்க. அதே 2013 சட்டத்தோட 14வது பிரிவுல இதுக்கு வழி இருக்கு, கெட்ட எண்ணத்தோட பொய்ப் புகார் குடுத்தது விசாரணையில நிரூபணமானா நடவடிக்கை எடுக்கலாம், ஆனா ஆதாரம் காட்ட முடியலங்கறதுக்காக மட்டும் அது பொய்ப் புகார் ஆயிடாது. ரெண்டு பாதியையும் சேத்தே சொல்லுங்க, ஒண்ண மட்டும் சொன்னா ஒரு பக்கம் பயந்துடும். ரெண்டு தரப்பையும் கேட்டுதான் விசாரணை நடக்கும், 90 நாளுக்குள்ள முடிக்கணும், பேர வெளிய சொல்லக் கூடாதுங்கறதையும் சொல்லிடுங்க.

பொண்ணுங்க கிட்ட இருந்தும் எதிர்ப்பு வரும், அத நிறைய பேர் கவனிக்கறதே இல்ல. ட்ரெய்னிங் முடிஞ்ச மறுநாள் ஒரு பொண்ணு காபி மெஷின் பக்கம் போனா "ஏய் பாத்துப் பேசு, போஷ் கேஸ் போட்டுடப் போறாங்க"னு ஒருத்தன் சொல்லுவான், நாலு பேர் சிரிப்பாங்க, அடுத்த தடவ அந்தப் பொண்ணு ட்ரெய்னிங்கே வேணாம்னு வந்து நிக்கும். இத மேனேஜர்தான் நிறுத்தணும், அந்த எடத்துலயே, அந்த நிமிஷமே, ஹெச்ஆர் மெயில் போட்டா வேலைக்காகாது.

மத நம்பிக்கைக்கு ஒத்து வரல, திருநங்கைங்க பத்தி, ஓரினச்சேர்க்கையாளர்கள் பத்தியெல்லாம் உக்காந்து கேக்க மாட்டேன்னு சிலர் சொல்லுவாங்க. அவங்க கிட்ட நம்பிக்கைய மாத்திக்கச் சொல்லாதீங்க, அது நம்ம வேலையும் இல்ல. "நான் ஆதரிக்கிறேன்"னு கையெழுத்து வாங்கறது, எல்லாரையும் எந்திரிச்சு உறுதிமொழி எடுக்க வெக்கறது, இத ரெண்டையும் அடியோட விட்டுடுங்க. நாம கேக்கறது நடத்தைய மட்டும்தான். 2019 திருநர் பாதுகாப்புச் சட்டப்படி வேலையில பாகுபாடு காட்டக் கூடாது, கூட வேலை செய்யறவங்கள அவங்க சொல்ற பேர்ல கூப்பிடணும், டாய்லெட் வாசல்ல கேலி பண்ணக் கூடாது, அவ்வளவுதான். எல்லாம் எனக்கே தெரியும்னு சொல்றவங்களுக்கு நான் நம்ம சென்னை ஹைகோர்ட்டு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பத்திச் சொல்லுவேன். 2021ல ஓரினச்சேர்க்கைப் பெண்கள் ரெண்டு பேர் பாதுகாப்பு கேட்டுப் போட்ட வழக்குல, இந்த விஷயம் எனக்கு முழுசாப் புரியலனு வெளிப்படையா சொல்லி, ஒரு உளவியல் நிபுணர் கிட்ட உக்காந்து கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம்தான் ஜூன் 7ந் தேதி உத்தரவு எழுதினாரு. ஒரு நீதிபதியே அப்படி உக்காந்தாருங்கறது எனக்கு இன்னிக்கும் பெரிய விஷயமாத் தெரியுது.

"நம்ம ஆபீஸ்ல சாதியெல்லாம் கிடையாது"னு சொல்லி அந்த செஷன எடுத்துடச் சொல்லுவாங்க, எடுக்காதீங்க. புதுசா சேந்தவங்க கிட்ட எந்த ஊரு, ஊர்ல எந்தத் தெரு, வீட்ல வெஜ்ஜானு அடுத்தடுத்து வர்ற கேள்விகள மட்டும் போர்டுல எழுதி வைங்க, சாதியத் தெரிஞ்சுக்கத்தான் கேக்கறாங்கனு எல்லாருக்கும் புரியும்.

இவ்வளவுக்கும் அப்புறமும் வரலனா, எல்லார் முன்னாடியும் கேக்காதீங்க. தனியாக் கூப்பிட்டு, கருத்து உங்களோடது, வருகை வேலையோட பாகம்னு சொல்லுங்க, காரணத்த எழுதி வாங்கிக்கோங்க, இன்னொரு தேதி குடுங்க, அதுக்கும் வரலனா சாதாரணமா வேலை உத்தரவ மீறினா என்ன நடைமுறையோ அதேதான், மேனேஜரா இருந்தாலும் அதேதான். பெரிய ஆளுங்களுக்கு விலக்கு குடுத்துட்டா கீழ இருக்கறவங்க கிட்ட பேசவே முடியாது.

ட்ரெய்னிங் முடிஞ்சதும், புகார விசாரிக்கற இன்டர்னல் கமிட்டி உறுப்பினர்கள் பேரையும் நம்பரையும் தமிழ்ல பெருசா அடிச்சு பஞ்சிங் மெஷின் பக்கத்துல ஒட்டுங்க. ஆள் மாறினா அன்னிக்கே நோட்டீஸையும் மாத்திடுங்க, வேலைய விட்டுப் போனவங்க நம்பருக்குக் கூப்பிட்டு ஏமாந்தவங்க ரெண்டாந்தடவ கூப்பிட மாட்டாங்க.