மருத்துவச் செலவுக்குச் சேமிக்கக் குறுஞ்செய்தி நினைவூட்டல்: மகளிர் குழுக்களுக்கு

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கும் சிகிச்சைக்குக் கைகொடுக்கும். பஸ் செலவு, துணைக்கு இருப்பவர் சாப்பாடு, வெளியே வாங்கும் மாத்திரை, மூக்குக் கண்ணாடி எல்லாம் கைக்காசுதான். அதற்குத்தான் இந்தச் சேமிப்பு.

முதலில் ஒவ்வொருவரிடமும் எதற்கு, எவ்வளவு, எப்போதைக்குள் என்று கேட்டுக் குறியுங்கள். கண்ணாடிக்கு 1,200 ரூபாய் என்றால் வாரம் 50 வீதம் 24 வாரம். பேரேட்டில் இதற்குத் தனிப் பக்கம் வேண்டும்; கடன் தவணையோடு கலந்தால் இந்தப் பணம்தான் முதலில் கரையும்.

செய்தி இப்படி இருக்கலாம்:

"செல்வி அக்கா, மூக்குக் கண்ணாடிக்கு ரூ.50 நாளை கூட்டத்தில் கட்டுங்க."

தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 இடம்தான். புள்ளி, கொம்பு, கால், இடைவெளி ஒவ்வொன்றும் ஓர் இடம். "பணம்" என்பதே நான்கு. 70-ஐத் தாண்டினால் இரண்டு செய்தியாகக் கணக்காகும். மேலே உள்ளது 67.

பெயரும் நோக்கமும் கட்டாயம். பொலிவியா, பெரு, பிலிப்பைன்ஸ் வங்கிகளில் நடந்த ஆய்வில் நினைவூட்டல் பெற்றவர்கள் கூடுதலாகச் சேமித்தார்கள். எதற்காகச் சேமிக்கிறோம் என்பதைச் சொன்ன செய்திகள் இன்னும் நன்றாக வேலை செய்தன. ஆனால் நோயின் பெயரை எழுதவே கூடாது. போனை வீட்டில் எல்லோரும் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட செலவுக்கு "மருந்துச் சேமிப்பு" போதும்.

நேரம்தான் பாதி வேலை. சனிக்கிழமை கூலி வாங்குபவருக்குச் சனி மாலையே போக வேண்டும்; திங்கள் காலை போனால் காசு மளிகைக்கடைக்குப் போயிருக்கும். வாரம் ஒன்று போதும், தினமும் வந்தால் படிக்காமலே விட்டுவிடுவார்கள். ஆண்ட்ராய்டு மெசேஜஸ் செயலியில் அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நேரம் குறித்து வைக்கலாம். அந்த நேரத்தில் உங்கள் போன் அணைந்திருந்தால் செய்தி குறித்த நேரத்துக்குப் போகாது.

பணம் கட்டியதும் "50 வந்தது, மொத்தம் 350" என்று பதில் போடுங்கள். தொகை வளர்வதைப் பார்ப்பதுதான் அடுத்த வாரமும் கட்ட வைக்கும். கட்டாதவரைச் செய்தியில் கடியாதீர்கள். இரண்டு வாரம் விட்டுப்போனால் ஊக்குநர் நேரில் போய்ப் பேசட்டும். வாரம் 20 ரூபாயாகக் குறைத்துக்கொண்டாலும் நல்லதே.

செய்தி போய்ச் சேராததற்குப் பெரும்பாலும் எண் மாறியிருக்கும், அல்லது ரீசார்ஜ் முடிந்திருக்கும். பழைய பட்டன் போனில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுங்கள். அதில் 160 இடம் உண்டு. படிக்கத் தெரியாதவருக்குப் போன் செய்து சொல்லுங்கள்.

செய்தியில் லிங்க் வைக்காதீர்கள், ஓடிபி கேட்காதீர்கள். இரண்டையும் குழு ஒருபோதும் செய்யாது என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டால், மோசடிச் செய்தி வந்தால் உடனே கண்டுகொள்வார்கள்.