34 இஞ்ச் வளைந்த அல்ட்ராவைட் மானிட்டர்: மேஜை அளப்பதிலிருந்து திரையைப் பங்கு போடுவது வரை

வளைந்த அகல மானிட்டர் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது வளைவைப் பற்றித்தான். எவ்வளவு வளைந்திருக்கலாம், கண் வலிக்குமா, கோடெல்லாம் கோணலாகத் தெரியுமா. நியாயமான கேள்விகள்தான். ஆனால் பெட்டியைப் பிரித்தபின் நம்மைப் படுத்துவது மேஜையும் கேபிளும். அதனால் இந்தப் பதிவில் வளைவுக்கு ஒரு பத்திதான். கேபிளுக்கு நிறைய இடம்.

என் வேலை ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியின் கணக்கு. வாரத்தில் பாதி நாள் சத்துவாச்சாரி வீட்டிலிருந்தே ஓடுகிறது. இடது பக்கம் டாலி கணக்கு சாஃப்ட்வேர், நடுவில் எக்செல், வலது பக்கம் ஷிப்பிங் பில் பிடிஎஃப். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் கண்ணில் படவேண்டும் என்பதுதான் என் தேவை. கேம் ஆடுகிறவர்களுக்குக் கணக்கு வேறு. திரை வினாடிக்கு எத்தனை முறை படத்தை மாற்ற வேண்டும், 144 ஹெர்ட்ஸா, 165-ஆ என்ற சண்டைக்கு நான் வரவில்லை. கையில் விண்டோஸ் லேப்டாப் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. கடைக்குப் போகும் முன் டேப்பை எடுங்கள்

34 இஞ்ச் அல்ட்ராவைட்டின் அகலம் ஏறக்குறைய 81 செ.மீ. உயரம் சாதாரண 27 இஞ்ச் மானிட்டரின் உயரமேதான். மேலே ஒரு தட்டும் இரண்டு பக்கமும் பலகையும் வைத்த கம்ப்யூட்டர் டேபிள் உங்களிடம் இருந்தால், அந்தப் பலகைகளுக்கு நடுவே உள்ள இடத்தை அளங்கள். வெளி அகலம் நான்கடி இருந்தாலும் உள்ளே மானிட்டர் நுழையாமல் போகலாம்.

அகலத்தைவிட ஆழம் முக்கியம். மானிட்டரோடு வரும் ஸ்டாண்டின் கால் மட்டுமே 25 செ.மீ. போல இடம் பிடிக்கும். இரண்டடி ஆழ மேஜையில் திரை மூக்குக்கு நேரே வந்து நிற்கும். ஓரத்தில் இருப்பதைப் படிக்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கண்ணுக்கும் திரைக்கும் 70 முதல் 80 செ.மீ. தூரம் வேண்டும். அதற்கு இரண்டரை அடி ஆழ மேஜை சரியாக இருக்கும். என் யோசனை: தெரிந்த ஆசாரியிடம் சொல்லி 19 மி.மீ. பிளைவுட்டில் ஐந்தடிக்கு இரண்டரை அடி பலகை போட்டுக்கொள்ளுங்கள். ரெடிமேட் மேஜையைவிட இது ஆடாமல் நிற்கும், பின்னால் மானிட்டர் ஆர்ம் (ஸ்டாண்டுக்குப் பதில் திரையைத் தாங்கும் கை) மாட்டினாலும் தாங்கும்.

ஜன்னலையும் ஒருமுறை பாருங்கள். வளைந்த திரை பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை இழுத்துக் காட்டும். முதுகுக்குப் பின்னால் மேற்கு ஜன்னல் இருந்தால் சாயங்காலம் நாலு மணி வெயில் திரையின் ஒரு ஓரத்தை வெள்ளையாக்கிவிடும். ஜன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் வருமாறு மேஜையைத் திருப்பிப் போடுவதுதான் வழி.

2. எதை வாங்குவது

34 இஞ்சில் இரண்டு ரெசல்யூஷன் (குறுக்கே, நெடுக்கே எத்தனை பிக்சல் புள்ளி என்ற கணக்கு) விற்கிறார்கள்: 2560 × 1080, 3440 × 1440. முதலாவது விலை குறைவு. ஆனால் அதில் இஞ்சுக்கு 82 பிக்சல்தான்; இரண்டாவதில் 110. தமிழில் படித்து எழுதுகிறவர்கள் முதலாவதை விட்டுவிடுங்கள். சின்ன எழுத்தில் கி, கீ இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த மேல் சுழி ஒன்றுதான். 82-ல் அது ஒரு கறுப்புப் பொட்டாக அடைத்துக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிவிடும். கணக்கில் பெயர் சரிபார்க்கிறவனுக்கு இது சாதாரண விஷயமில்லை. பட்ஜெட் உதைத்தால் 29 இஞ்ச் 2560 × 1080 பரவாயில்லை. பிக்சல் நெருக்கம் 96 வரும். உயரம் 23 இஞ்ச் மானிட்டர் அளவுதான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 49 இஞ்ச் சமாசாரம் 120 செ.மீ. அகலம். நம் வீட்டு அறைகளுக்கு அது வேண்டாம்.

வளைவு: 1500 ஆர் என்றால் 1500 மி.மீ. ஆரம் உள்ள வட்டத்தின் ஒரு துண்டு என்று அர்த்தம். எண் குறையக் குறைய வளைவு கூடும். 34 இஞ்சில் 1800 ஆர் என்றால் நடுப்பகுதியைவிட ஓரங்கள் நாலரை செ.மீ. போல முன்னால் வரும்; 1500-ல் ஐந்தேகால்; 1000-ல் எட்டு. எக்செல் கட்டங்களோடு நாள் முழுக்க இருப்பவர்களுக்கு 1500 அல்லது 1800 போதும். 1000 ஆர் கேம் நாற்காலிக்காரர்களுக்கு.

பேனல், அதாவது படம் காட்டும் தகடு, விஏ, ஐபிஎஸ், ஓஎல்இடி என்று மூன்று ரகம். சுருக்கமாக: வளைந்தவற்றில் நடுத்தர விலையில் பெரும்பாலும் விஏ பேனல்தான் வரும். கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். கறுப்புப் பின்னணியில் வேகமாக ஸ்க்ரோல் செய்தால் எழுத்துக்குப் பின்னால் லேசாக நிழல் இழுக்கும். ஐபிஎஸ் கிடைத்தால் எனக்கு அதுதான் பிடிக்கும், பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாது. ஓஎல்இடி படம் பார்க்கப் பிரமாதம். ஆனால் டாஸ்க்பாரும் எக்செல் மேல்பட்டையும் எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கும் வேலைக்கு அதைப் போட்டால் நாளாவட்டத்தில் தழும்பு விழ வாய்ப்பு உண்டு.

வாங்கும் முன் பின்பக்க விவரத்தில் மூன்று பாருங்கள். டிஸ்ப்ளேபோர்ட் (எச்டிஎம்ஐ போலப் படம் வாங்கும் இன்னொரு ஓட்டை) இருக்கிறதா, ஆர்ம் மாட்ட 100 × 100 மி.மீ. வெசா துளை இருக்கிறதா. டைப்-சி இருந்தால் அது லேப்டாப்பை 65 வாட் அல்லது அதற்கு மேல் சார்ஜ் செய்யுமா. டைப்-சி உள்ளது கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது அதையே எடுங்கள். ஒரே கேபிளில் படமும் சார்ஜும் முடிந்துவிடும்.

வேலூரில் நான் விசாரித்த கடைகளில் ஆர்டர் எடுத்து வரவழைக்கிறோம் என்றார்கள். கண்ணால் பார்த்து வாங்க முடியவில்லை. பார்த்துத்தான் வாங்குவேன் என்றால் காட்பாடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்குங்கள், ரிச்சி ஸ்ட்ரீட் அங்கிருந்து ஆட்டோ தூரம். பெட்டியை மட்டும் பைக்கில் குறுக்கே வைத்துக் கொண்டுவராதீர்கள்.

3. பிரிப்பது

பிரிக்கும்போது போனில் வீடியோ எடுத்து வையுங்கள். திரையைத் தெர்மாகோலிலிருந்து முழுதாக வெளியே எடுக்கும் முன்பே ஸ்டாண்டை மாட்டிவிட வேண்டும். வளைந்த திரையை வெறும் மேஜையில் கவிழ்த்தால் முழு எடையும் இரண்டு ஓரத்திலும் இறங்கும். பேனல் அங்கேதான் விரிசல் விடும். தெர்மாகோலில் அந்த வளைவுக்கே குழி வெட்டியிருப்பார்கள், அதன் மேல் படுத்திருக்கும்போதே ஸ்க்ரூவை முறுக்குங்கள். தூக்கும்போது ஸ்டாண்டின் கழுத்திலும் அடிச் சட்டத்திலும் பிடியுங்கள். திரையின் முகத்தில் கட்டைவிரல் படக்கூடாது.

திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வரட்டும், அல்லது அதற்குச் சற்றுக் கீழே. பெட்டியைத் திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை பரணில் வையுங்கள்.

4. கேபிள்: பொறுமையாகப் படியுங்கள்

எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகினேன், படம் வந்தது. ஆனால் மவுஸ் அம்பு தத்தித் தத்திப் போனது. ஒரு விண்டோவைப் பிடித்து இழுத்தால் கைக்குப் பின்னால் அது தாமதமாக வந்தது. டிரைவரைப் புதுப்பித்தேன், கேபிளை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. மானிட்டரில் குறை ஒன்றும் இல்லை. லேப்டாப்பின் எச்டிஎம்ஐ பழைய 1.4 ரகம், 3440 × 1440 படத்தை அது வினாடிக்கு 30 முறைதான் அனுப்பிக்கொண்டிருந்தது.

உங்களுக்கு எவ்வளவு வருகிறது என்று பார்க்க: செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. மேலே எந்தத் திரை என்று கேட்கும். லேப்டாப் திரையை விட்டு மானிட்டரைத் தேர்ந்தெடுங்கள். கீழே ரெஃப்ரெஷ் ரேட் என்று ஒரு எண் இருக்கும். 60-க்குக் குறைந்தால் விடாதீர்கள். அந்த எண்ணை அழுத்தினால் வேறு எண்கள் விரியும்; 60 அல்லது மேலே இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்தது. 30, 50 மட்டுமே இருந்தால் வழி இதுதான்:

முதலில் மானிட்டரின் பட்டனை அழுத்தி அதன் மெனுவுக்குள் போங்கள். சில மாடல்களில் எச்டிஎம்ஐ 1.4, 2.0 என்று ஒரு தேர்வு இருக்கும், 1.4-ல் வைத்தே அனுப்பியிருப்பார்கள். 2.0-க்கு மாற்றுங்கள். லேப்டாப்பும் 2.0 என்றால் 100 ஹெர்ட்ஸ் வரைகூடப் போகும்.

லேப்டாப்தான் பழசு என்றால் அதன் டைப்-சி ஓட்டையைப் பாருங்கள். பக்கத்தில் மின்னல் குறியோ, டி-க்குள் பி எழுதிய டிஸ்ப்ளேபோர்ட் குறியோ இருந்தால் அதிர்ஷ்டம். டைப்-சியிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் ஒன்று வாங்கிச் சொருகினால் தீர்ந்தது. எனக்குத் தீர்ந்தது இப்படித்தான். குறி எதுவும் இல்லையென்றால் லேப்டாப் மாடலின் விவரப் பக்கத்தில் தேடுங்கள். சில டைப்-சி ஓட்டைகள் சார்ஜுக்கும் பென்டிரைவுக்கும் மட்டுந்தான், படம் அனுப்பாது. நடுவில் ஹப் (ஒரு ஓட்டையைப் பலவாக்கும் பெட்டி) வைக்கிறவர்கள் அதன் அட்டையைப் படியுங்கள். 4கே 30 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது அதே பழைய எச்டிஎம்ஐ ரகம்தான்.

படம் பக்கவாட்டில் இழுபட்டு, வட்டம் முட்டையாகத் தெரிகிறதா? விண்டோஸ் கீயோடு பி அழுத்துங்கள். டூப்ளிகேட்டில் இருந்தால் லேப்டாப் திரையின் அளவுதான் மானிட்டருக்கும் போகும். எக்ஸ்டெண்டுக்கு மாற்றி, டிஸ்ப்ளே செட்டிங்ஸில் மானிட்டருக்கு 3440 × 1440-ஐத் தேர்ந்தெடுங்கள்.

கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால், எச்டிஎம்ஐ வழியாகப் போகும்போது லேப்டாப் இதை டிவி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. கிராஃபிக்ஸ் சாஃப்ட்வேரில் டைனமிக் ரேஞ்ச் அல்லது குவாண்டைசேஷன் ரேஞ்ச் என்று இருக்கும். லிமிடெட்டை ஃபுல் ஆக்குங்கள்.

5. கண்ணுக்கு, கைக்கு

பிரைட்னஸைக் கண்ணைக் கூசும் அளவுக்கு ஏற்றி வைத்தே அனுப்புகிறார்கள். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒரே வெளிச்சமாகத் தெரியும்வரை இறக்குங்கள். ஸ்டார்ட்டில் கிளியர்டைப் என்று தட்டி அது கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் எழுத்து திருந்தும். ஸ்கேலிங் (எழுத்தையும் ஐகானையும் பெரிதாக்கும் அளவு) 100 சதவீதமே போதும். வயதானவர்கள் 125 வைக்கலாம்.

இத்தனை அகலத்தில் ஒரே விண்டோவைப் பெரிதாக்கி வைப்பது வீண். எக்செல் மட்டும் விதிவிலக்கு. வழக்கமான அகலத்தில் ஐம்பது நெடுவரிசைக்கு மேல் ஒரே பார்வையில் வரும், பழைய 1920 திரையில் முப்பதைத் தொடுவதே கஷ்டம். மற்றபடி திரையைப் பங்கு போட வேண்டும். விண்டோஸ் 11-ல் விண்டோஸ் கீயோடு இசட் அழுத்தினால் பாத்தி பிரித்துக் காட்டும். எனக்கு அது போதவில்லை. மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் பவர்டாய்ஸில் ஃபேன்சிசோன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. நமக்கு வேண்டிய அகலத்தில் நாமே பிரித்துக்கொள்ளலாம். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு விண்டோவை இழுத்தால் அந்தந்த இடத்தில் போய் உட்காரும். நான் நடுவில் பாதியும் இரண்டு பக்கமும் கால் காலும் வைத்திருக்கிறேன். மானிட்டர் கம்பெனிக்காரர்கள் தரும் சாஃப்ட்வேர் எதையும் போடாதீர்கள். கம்ப்யூட்டரை மெதுவாக்குவதைத் தவிர அவை எனக்கு ஒன்றும் செய்ததில்லை.

யூட்யூபில் முழுத்திரை போட்டால் இரண்டு பக்கமும் 440 பிக்சல் கறுப்பாக நிற்கும். அது குறையில்லை, வீடியோவின் அகலமே அவ்வளவுதான்.

பின்னால் சேர்த்தது

குடியாத்தத்திலிருந்து ஒரு நண்பர்: லேப்டாப்பில் எச்டிஎம்ஐ மட்டுமே இருக்கிறது, எச்டிஎம்ஐ முதல் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் வாங்கினேன், படமே வரவில்லை என்கிறார். அந்தக் கேபிள்களில் பெரும்பாலானவை ஒருவழிதான். டிஸ்ப்ளேபோர்ட் லேப்டாப் பக்கமும் எச்டிஎம்ஐ மானிட்டர் பக்கமும் இருந்தால்தான் ஓடும். எதிர்த்திசைக்குத் தனி கன்வெர்ட்டர் வேண்டும். அதற்கு யூஎஸ்பியிலிருந்து மின்சாரமும் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தக் காசுக்கு மானிட்டரின் எச்டிஎம்ஐ ஓட்டையையே பயன்படுத்திக்கொள்வது மேல்.

ஆம்பூரில் ஷூ பேட்டர்ன் வரைகிறவர் கேட்டது: நேர்கோடு வளைந்து தெரியுமா? நேர் எதிரே சரியான தூரத்தில் உட்கார்ந்தால் சில நாளில் பழகிவிடும். ஆனால் பக்கத்தில் இன்னொருவர் நின்று பார்த்துத் திருத்தம் சொல்கிற வேலை என்றால் தட்டையான அல்ட்ராவைட்டையே வாங்குங்கள்.

கரண்ட் போகும்போது மானிட்டர் அணைந்து எரிகிறது என்று பலர் சொல்கிறார்கள். வீட்டு இன்வெர்ட்டரின் பின்பக்கம் யூபிஎஸ், எக்கோ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். எக்கோவில் மாறும் நேரம் அதிகம். யூபிஎஸ் பக்கம் தள்ளினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் கம்ப்யூட்டருக்கென்று சின்ன யூபிஎஸ் தனியாக வையுங்கள். இடி மழைக்கு மட்டும் எதையும் நம்பாமல் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். இன்டர்நெட் கேபிளையும் சேர்த்து.