வரி கட்டி முடித்த பிறகும் நிற்கும் லியன்: அமெரிக்காவில் அதை நீக்குவது எப்படி

பாக்கி வரியை வட்டி, அபராதத்தோடு கட்டித் தீர்த்தாயிற்று. ஆனாலும் வீட்டுக் கடனுக்குப் போனால், "உங்கள் பெயரில் ஃபெடரல் டாக்ஸ் லியன் இருக்கிறதே" என்கிறார் லோன் ஆபீசர். லியன் என்பது பாக்கி வரிக்காக அரசு உங்கள் சொத்தின் மீது வைக்கும் சட்ட உரிமை. பலரும் அடுத்த கணமே கடன் வரலாற்றைத் தொகுக்கும் கிரெடிட் பீரோக்களுக்கு டிஸ்ப்யூட் (ஆட்சேபக் கடிதம்) அனுப்பக் கிளம்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது தவறான கதவைத் தட்டுவது. ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றும் 2017 ஜூலையில் தங்கள் கிரெடிட் ரிப்போர்ட்களிலிருந்து டாக்ஸ் லியன்களில் ஒரு பகுதியைக் கழித்துக்கட்டின. 2018 ஏப்ரலுக்குள் கட்டியது, கட்டாதது என்ற பேதமில்லாமல் மிச்சத்தையும் எடுத்துவிட்டன. "கட்டிய தேதியிலிருந்து ஏழு வருடம் ரிப்போர்ட்டில் இருக்கும்" என்று இன்னமும் சுற்றிவரும் அறிவுரை அதற்கு முந்தைய காலத்துக்கு உரியது.

அப்படியானால் கடன் கொடுப்பவர் கண்ணில் படுவது எது? கவுன்ட்டியின் பத்திரப் பதிவு அலுவலகமான ரிக்கார்டர் அலுவலகத்தில், ஃபெடரல் வரித் துறையான ஐ.ஆர்.எஸ். பதிவு செய்த நோட்டீஸ், அதாவது 668(ஒய்) படிவம். அது பொது ஆவணம். லெக்சிஸ்நெக்சிஸ் போன்ற நிறுவனங்கள் அதைத் திரட்டி வங்கிகளுக்கு விற்கின்றன. வீடு வாங்கும்போது சொத்தில் வில்லங்கம் உண்டா என்று பார்க்கும் டைட்டில் கம்பெனியும் அதே பதிவேட்டைத்தான் புரட்டுகிறது. எனவே வேலை மூலப் பதிவிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட்.காம் தளத்தில் மூன்று ரிப்போர்ட்களையும் இலவசமாக எடுங்கள். வாரம் ஒருமுறை எடுக்கலாம். லெக்சிஸ்நெக்சிஸ் ரிஸ்க் சொல்யூஷன்ஸிடம் உங்கள் கன்ஸ்யூமர் டிஸ்க்ளோஷரை (உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் தகவலின் அறிக்கை) கேளுங்கள், அதுவும் இலவசம். கவுன்ட்டி ரிக்கார்டரிடம் 668(ஒய்) நகலை வாங்குங்கள். அதில் சீரியல் நம்பர், எந்தெந்த வருட வரி, பதிவான தேதி, பதிவெண் எல்லாம் இருக்கும்.

நான்காவதாக, ஐ.ஆர்.எஸ். இணையக் கணக்கிலிருந்து அந்தந்த வரி வருடத்துக்கான அக்கவுன்ட் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது கணக்கு விவரத் தாள். லியன் போட்டதற்கு 582, நீக்கியதற்கு 583 என்ற குறியெண் வரும். 582 இருந்து 583 இல்லையென்றால், நீங்கள் கட்டி முடித்ததாக நினைத்தாலும் ஐ.ஆர்.எஸ். கணக்கில் லியன் உயிரோடுதான் இருக்கிறது. இதற்கு வழக்கமான காரணம் சில்லறை பாக்கி. நோட்டீஸில் அச்சான தொகையை அப்படியே கட்டியிருப்பார்கள். நோட்டீஸ் வந்த நாளுக்கும் பணம் போய்ச் சேர்ந்த நாளுக்கும் இடையில் ஏறிய வட்டி கட்டப்படாமல் நின்றிருக்கும். லியன் பதிவுக் கட்டணம் 360 என்ற குறியெண்ணில் தனியாகச் சேர்ந்திருப்பதும் உண்டு. ஐ.ஆர்.எஸ். சென்ட்ரலைஸ்ட் லியன் ஆபரேஷனை 800-913-6050 எண்ணில் அழைத்து, இன்ன தேதிவரைக்கான பே-ஆஃப் தொகை (முழுதும் தீர்க்கத் தேவையானது) எவ்வளவு என்று கேட்டு அதைக் கட்டுங்கள். அவசரமென்றால் பர்சனல் செக் வேண்டாம். அது கிளியர் ஆகும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். வங்கியே எழுதித் தரும் கேஷியர்ஸ் செக் கொடுத்தால் அந்தக் காத்திருப்பு மிச்சம்.

ரிலீஸ், வித்டிராயல்: இரண்டும் வேறு

பாக்கி முழுவதும் தீர்ந்த 30 நாளுக்குள் ஐ.ஆர்.எஸ். லியனை ரிலீஸ் செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கான சான்றிதழ் 668(இசட்). வரவில்லையென்றால், 1450-ஆம் எண் வெளியீட்டில் சொன்னபடி எழுத்தில் கேட்கலாம். நோட்டீஸ் இரண்டு கவுன்ட்டிகளில் பதிவாகியிருந்தால் ரிலீஸும் இரண்டிலும் பதிவாக வேண்டும். வீடு மாறியவர்களுக்கு இது அடிக்கடி வரும் தலைவலி. சீரியல் நம்பரை ஒன்றுக்கு ஒன்று ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று நோட்டீஸுக்கு இரண்டு ரிலீஸ் மட்டும் பதிவாகியிருந்தால் டைட்டில் கம்பெனி அந்த மூன்றாவதைப் பிடித்துக்கொள்ளும்.

பழைய லியன் என்றால் 668(ஒய்) படிவத்தின் "இ" நிரலைப் பாருங்கள். மறுபதிவுக்கான கடைசி நாள் அதில் இருக்கும். அந்த நாளுக்குள் ஐ.ஆர்.எஸ். மறுபடி பதியவில்லையென்றால், மறுநாளிலிருந்து அந்த நோட்டீஸே ரிலீஸ் சான்றிதழாகக் கொள்ளப்படும்.

ரிலீஸ் என்றால் கடன் தீர்ந்தது என்று மட்டும்தான் பொருள். லியன் ஒருகாலத்தில் இருந்தது என்ற பதிவு அப்படியே கிடக்கும். வித்டிராயல் அப்படியல்ல: நோட்டீஸே பதிவாகாதது போல சட்டம் பார்க்கும். ரிலீஸ் ஆன லியனுக்கும் வித்டிராயல் கேட்கலாம் என்ற வசதி 2011-இல் ஃப்ரெஷ் ஸ்டார்ட் திட்டத்தோடு வந்தது. தானாக யாரும் தரமாட்டார்கள், கேட்டால்தான் கிடைக்கும்.

12277-ஆம் படிவம்

வித்டிராயலுக்கான விண்ணப்பம் இதுதான். கட்டணம் கிடையாது. கட்டி முடித்தவருக்கு மூன்று தகுதிகள் வேண்டும்: லியன் ரிலீஸ் ஆகியிருக்க வேண்டும், கடந்த மூன்று வருட ரிட்டர்ன்கள், தொழில் நடத்தினால் அதற்குரியவையும் சேர்த்து, தாக்கலாகியிருக்க வேண்டும், எஸ்டிமேட்டட் டாக்ஸ் (வருடத்தின் நடுவே தவணையாக முன்கூட்டிக் கட்டும் வரி) கட்ட வேண்டியவர் என்றால் அதிலும் நிலுவை கூடாது. இந்தக் கடைசி விஷயத்தில்தான் சைடு பிசினஸ் வைத்திருப்பவர்கள் மாட்டுகிறார்கள். நிலுவை இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

படிவத்தில் பெயர், முகவரி, எண்கள் எல்லாம் 668(ஒய்) நகலில் உள்ளபடியே இருக்க வேண்டும். லியனின் தற்போதைய நிலை என்ற இடத்தில் "ரிலீஸ்ட்" கட்டத்தை டிக் செய்யுங்கள். காரணம் கேட்கும் இடத்தில் நான்கு கட்டங்கள். முதலாவது, நோட்டீஸ் அவசரப்பட்டோ முறை தவறியோ பதிவானது என்பது. உண்மையிலேயே அப்படி நடந்திருந்தால் மட்டும் தொடுங்கள். இரண்டாவது, தவணை ஒப்பந்தம். மூன்றாவது, வசூலுக்கு உதவும் என்பது. கட்டி முடித்தவருக்குப் பொருந்துவது நான்காவது: வரி செலுத்துபவர், அரசு இருவருக்கும் நன்மை என்பது.

விளக்கம் எழுதும் இடத்தில் கண்ணீர்க் கதை வேண்டாம். நாலு வரி போதும்: பாக்கி இன்ன தேதியில் முழுதும் தீர்ந்தது, ரிலீஸ் இன்ன தேதியில் இன்ன கவுன்ட்டியில் பதிவானது, மூன்று வருட ரிட்டர்ன்களும் தாக்கலாகிவிட்டன, இந்த நோட்டீஸால் வீட்டுக் கடனோ வேலைக்கான கிளியரன்ஸோ தடைபடுகிறது. கையெழுத்து, பொய்ச் சாட்சியத்துக்கான தண்டனைக்கு உட்பட்டுப் போடுவது என்பது நினைவிருக்கட்டும்.

668(ஒய்), 668(இசட்) இரண்டின் நகல்களையும் இணைத்து, உங்கள் பகுதிக்கான ஐ.ஆர்.எஸ். அட்வைசரி குரூப் முகவரிக்கு சர்ட்டிஃபைட் மெயிலில் அனுப்புங்கள். முகவரிகள் 4235-ஆம் வெளியீட்டில் இருக்கின்றன. வரி ரிட்டர்ன் அனுப்பும் முகவரிக்கு அனுப்பினால் கடிதம் எங்காவது சுற்றிக்கொண்டிருக்கும். கூடவே தனிக் கடிதம் ஒன்றில், வித்டிராயலை யாருக்கெல்லாம் தெரிவிக்க வேண்டும் என்று கிரெடிட் பீரோ, வங்கி, லெக்சிஸ்நெக்சிஸ் ஆகியோரின் பெயரும் முகவரியும் எழுதிக் கொடுங்கள். எழுத்தில் கேட்டால் ஐ.ஆர்.எஸ். தெரிவிக்கும், கேட்காவிட்டால் தெரிவிக்காது.

ஒப்புதல் கிடைத்தால் 10916(சி) படிவம் கவுன்ட்டியில் பதிவாகி, நகல் உங்களுக்கு வரும். அதைப் பத்திரப்படுத்துங்கள், இனி யார் கேட்டாலும் காட்ட வேண்டிய தாள் அதுதான். மறுத்தால் மேல்முறையீட்டு உரிமை உண்டு.

இன்னும் தவணையில் கட்டிக்கொண்டிருப்பவருக்கும் வழியுண்டு. பாக்கி 25,000 டாலருக்குள் இருந்து, வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பிடிக்கும் ஒப்பந்தமாகவும் இருந்தால், அடுத்தடுத்து மூன்று தவணை தவறாமல் போன பின் இதே படிவத்தில் வித்டிராயல் கேட்கலாம். அவர்கள் டிக் செய்ய வேண்டியது இரண்டாவது கட்டம்.

ரிப்போர்ட்டிலேயே தெரிந்தால்

மூன்று பீரோக்களில் ஒன்றில் லியன் தென்பட்டால் டிஸ்ப்யூட் போடுங்கள். ஆன்லைனில் பெட்டியை டிக் செய்வதைவிட 10916(சி) அல்லது 668(இசட்) நகலோடு கடிதமாக அனுப்புவது மேல். சட்டப்படி பீரோ 30 நாளுக்குள் விசாரித்தாக வேண்டும். இடையில் நீங்கள் கூடுதல் ஆவணம் அனுப்பினால் 45 நாள்வரை நீளலாம். ஆகவே எல்லாவற்றையும் ஒரே உறையில் அனுப்பிவிடுங்கள். லெக்சிஸ்நெக்சிஸுக்கும் இதே நடைமுறைதான், இதே சட்டம்தான். பதில் திருப்தியில்லை என்றால் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சி.எஃப்.பி.பி. தளத்தில் புகார் செய்யலாம்.

தமிழர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். அப்பா பெயர் ஒரு ஆவணத்தில் லாஸ்ட் நேம், இன்னொன்றில் மிடில் நேம், மூன்றாவதில் வெறும் இனிஷியல். 668(ஒய்) நோட்டீஸில் சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம்தான் இருக்கும். பெயரையும் முகவரியையும் வைத்துப் பொருத்தும் இடத்தில் ரிலீஸ் ஒரு பெயரிலும் லியன் இன்னொரு பெயரிலும் ஒட்டிக்கொள்ளலாம். வேறொரு குமாரின் லியன் உங்கள் தலையிலும் விழலாம். டிஸ்ப்யூட்டில் உங்கள் பெயரின் எல்லா வடிவங்களையும் எழுதி, அடையாள அட்டை நகலையும் சேருங்கள்.

மாநில வரி லியன்களுக்கு 12277 செல்லாது. அவை அந்தந்த மாநில வரித் துறையின் பொறுப்பு. கலிஃபோர்னியாவில் வருமான வரி லியனுக்கு ஃபிராஞ்சைஸ் டாக்ஸ் போர்டு. நியூயார்க்கில் இதை டாக்ஸ் வாரன்ட் என்பார்கள், கட்டி முடித்ததும் சாட்டிஸ்ஃபேக்ஷன் (கடன் தீர்ந்ததற்கான பதிவு) பதிவாகியிருக்கிறதா என்று கவுன்ட்டி கிளார்க்கிடம் பாருங்கள்.

லியன் பதிவான வாரமே "நாங்கள் அழித்துத் தருகிறோம்" என்று தபால்கள் வந்து குவியும். மேலே சொன்ன விண்ணப்பங்களுக்கோ டிஸ்ப்யூட்களுக்கோ ஐ.ஆர்.எஸ்.ஸோ பீரோக்களோ காசு கேட்பதில்லை. கிரெடிட் ரிப்பேர் நிறுவனங்கள் வேலையை முடிக்கும் முன்னே பணம் வாங்குவதை ஃபெடரல் சட்டம் தடை செய்கிறது. முன்பணம் கேட்பவரை அங்கேயே நிறுத்திவிடலாம்.