பெங்களூரு வீட்டுப் புல்தரையைப் பேணும் முறை

பெங்களூரில் வீட்டின் முன்னால் புல்தரை வைத்திருப்போர் பெரும்பாலும் செய்யும் தவறு, நாள்தோறும் மாலையில் மேலோட்டமாகத் தண்ணீர் தெளிப்பதாகும். இதனால் வேர் மேல்மண்ணிலேயே தங்கிவிடுவதோடு, இரவெல்லாம் இலையில் ஈரம் நிற்பதால் பூஞ்சணமும் எளிதில் பற்றுகிறது. புல்லை ஒருமுறை மிதித்துப் பாருங்கள். கால்தடம் நிமிராமல் அப்படியே கிடந்து, இலை சாம்பல் பூத்தாற்போல் தெரிந்தால் மட்டும், மறுநாள் விடியற்காலையில் மண் விரல் நீள ஆழத்துக்கு நனையும்படி பாய்ச்சுங்கள். 2024 மார்ச்சில், தட்டுப்பாட்டின்போது, தோட்டத்துக்குக் குடிநீர் ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என இந்நகரில் அறிவிக்கப்பட்டதை நினைவிற்கொண்டு, அரிசியும் காய்கறியும் கழுவிய நீரைச் சேர்த்துவைத்துப் பயன்படுத்துவதே முறை என்பேன்.

வெட்டும்போது, ஒரே தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கக் கூடாது. மழுங்கிய கத்தி நுனியை அறுக்காமல் கிழிப்பதால், புல்தரை முழுவதும் பழுப்பேறிவிடும். வெட்டிய துணுக்குகளை மெலிதாகப் பரப்பிவிட்டால், அவையே மட்கித் தழைச்சத்தைத் திருப்பித் தரும்.

கோரையை மேலாகப் பிடுங்குவது வீண். மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கையில், கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும்.

இங்குள்ள செம்மண் நடமாட்டத்தால் இறுகிவிடுமாதலால், ஜூன் மழைக்கு முன் கடப்பாரை நுனியால் நெருக்கமாகத் துளையிட்டு, மணல் கலந்த மண்புழு உரத்தைத் தூவுங்கள். அடர்ந்த மரநிழலில் அருகம்புல் நிலைக்காது. அவ்விடத்தைப் பெரணிக்கு விட்டுவிடலாம்.