ஒரு பெப்டைடு புரோலாக்டினை மாற்றுவது மூளையிலா, பிட்யூட்டரியிலா: எலியில் கண்டறியும் முறை

மூளையிலும் குடலிலும் ஒருங்கே காணப்படும் பெப்டைடுகளில் (அமினோ அமிலங்களின் சிறு சங்கிலிகளில்) ஒன்றைக் காட்டி, இது பிட்யூட்டரி சுரப்பி வெளியிடும், பால் சுரப்பைத் தூண்டும் ஹார்மோனான புரோலாக்டினின் சுரப்பைக் கூட்டுமா குறைக்குமா என்று யாரேனும் கேட்டால், அதை எந்த வழியாக உடலில் செலுத்தினார்கள் என்று தெரியாமல் விடை சொல்ல இயலாது. நியூரோடென்சின் இதற்கு நல்ல சான்று. 1973இல் மாட்டின் ஹைபோதலமஸிலிருந்து (பிட்யூட்டரிக்கு மேலே அமைந்து அதை ஆளும் மூளைப் பகுதியிலிருந்து) பிரித்தெடுக்கப்பட்டு, பின்னர் சிறுகுடலிலும் ஏராளமாக இருப்பது அறியப்பட்ட இந்தப் பெப்டைடை எலியின் சிரையில் செலுத்தினால் இரத்தத்தில் புரோலாக்டின் ஏறுகிறது. மூளைக்குள் திரவம் நிறைந்த குழிகளில் ஒன்றான மூன்றாம் வென்ட்ரிக்கிளில் செலுத்தினால் இறங்குகிறது. இரண்டும் சரியான முடிவுகளே.

பாலூட்டிகளில் புரோலாக்டின் முதன்மையாகத் தடுப்பினால் ஆளப்படும் ஹார்மோன் என்பதே இந்த முரணுக்குக் காரணம். ஹைபோதலமஸின் ஆர்க்குவேட் உட்கருவிலுள்ள நரம்புச் செல்கள் ஹைபோதலமஸின் அடிப்பகுதியான மீடியன் எமினென்ஸில் வெளியிடும் டோபமைன், போர்ட்டல் நாளங்கள் எனும் சிறு இரத்த நாளங்கள் வழியே முன் பிட்யூட்டரியை அடைந்து, புரோலாக்டினைச் சுரக்கும் லாக்டோட்ரோப் செல்களின் டி2 ஏற்பிகளில் இணைந்து சுரப்பை இடையறாது அடக்கி வைக்கிறது. ஆகவே, ஒரு பெப்டைடு டோபமைன் செல்களைத் தூண்டினால் புரோலாக்டின் குறையும். அதே பெப்டைடு லாக்டோட்ரோப்பை நேரடியாகத் தூண்டினால் கூடும். நியூரோடென்சின் இரண்டையும் செய்கிறது. இவ்விரு களங்களையும் தனித்தனியே சோதிப்பதுதான் கீழே வரும் முறையின் நோக்கம்.

நிறுவனத்தின் விலங்கு நெறிக் குழுவிடம் ஒப்புதல் பெற்ற பிறகு, சூலகம் நீக்கிய பெண் எலிகளைத் தேர்ந்தெடுங்கள். சூலகம் உள்ள எலியில் புரோ-ஈஸ்ட்ரஸ் நாளின் (முட்டை வெளிப்படுவதற்கு முந்தைய நாளின்) பிற்பகலில் புரோலாக்டின் தானாகவே பெருகுவதால், அந்த ஏற்றத்தைப் பெப்டைடின் செயல் என்று கருதிவிட வாய்ப்புண்டு. அடுத்துக் கவனிக்க வேண்டியது இரத்தம் எடுக்கும் விதம். சோதனைகள் பெரும்பாலும் இங்குதான் கெடுகின்றன. எலியைக் கையால் பிடிப்பதும் ஈதர் மயக்கம் கொடுப்பதும் சில நிமிடங்களிலேயே புரோலாக்டினை உயர்த்திவிடும். எனவே முன்னதாகவே கழுத்துச் சிரையில் மெல்லிய குழாயைப் பொருத்தி, அதன் நுனியைக் கூண்டுக்கு வெளியே நீட்டி வைத்து, விழித்திருக்கும் எலி தன் போக்கில் நடமாடும்போதே மாதிரி எடுக்க வேண்டும். செலுத்துவதற்கு முன் ஒரு மாதிரியும், பின்னர் 5, 15, 30, 60 நிமிடங்களில் மாதிரிகளும் எடுப்பது வழக்கமான ஏற்பாடு. ஒவ்வொரு முறையும் பிளாஸ்மாவைப் பிரித்த பின் எஞ்சும் சிவப்பணுக்களைச் சலைனில் கலந்து திருப்பிச் செலுத்தாவிட்டால், இரத்த இழப்பே ஒரு தூண்டலாகிவிடும். அளவிடும்போது எலியின் புரோலாக்டினுக்கென உருவாக்கிய எதிர்ப்பொருளையே பயன்படுத்துங்கள்.

வென்ட்ரிக்கிளில் பொருத்திய குழாய் வழியே செலுத்தும் கரைசல் 2 மைக்ரோலிட்டர் அளவில் இருந்தால் போதும். சோதனை முடிந்ததும் சாயம் செலுத்தி, குழாயின் நுனி சரியான இடத்தில் இருந்ததா என்று பார்த்து, தவறியிருந்த எலிகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். வென்ட்ரிக்கிளில் கொடுத்த அதே அளவைச் சிரையிலும் கொடுத்துப் பார்ப்பது கட்டாயம். அங்கே விளைவு ஏதும் தோன்றாவிட்டால்தான் பெப்டைடு இரத்தத்தில் கசிந்து பிட்யூட்டரியை எட்டவில்லை என்று உறுதியாகக் கூற முடியும்.

மூன்றாவதாக, பிட்யூட்டரியைப் பிரித்தெடுத்து வளர்ப்பூடகத்தில் வைத்துச் சோதியுங்கள். மூளையின் பிடியிலிருந்து விடுபட்ட லாக்டோட்ரோப் செல்கள் ஏற்கெனவே மிகையாகச் சுரந்துகொண்டிருப்பதால், ஒரு தூண்டியின் விளைவு அதில் மறைந்துபோகக்கூடும். ஊடகத்தில் சிறிது டோபமைனும், அது ஆக்சிஜனேற்றம் அடையாமல் காக்க அஸ்கார்பிக் அமிலமும் சேர்த்தால் உடலிலுள்ள நிலைக்கு ஓரளவு நெருங்கி வரலாம். எலியின் பிட்யூட்டரிக் கட்டியிலிருந்து பெற்ற ஜிஎச்3 செல்கள் வளர்க்க எளியவை என்றாலும், அவற்றில் செயல்படும் டி2 ஏற்பிகள் இல்லாததால் இந்தக் கேள்விக்கு அவை உதவா.

டோபமைனின் பங்கை உறுதிசெய்ய, டோபமைன் தொகுப்பின் இரண்டாம் படியைத் தடுக்கும் என்எஸ்டி-1015 மருந்தைக் கொடுத்து, மீடியன் எமினென்ஸில் தேங்கும் டோபாவை (டோபமைனாக மாறும் முன்பொருளை) அளவிடலாம். பீட்டா-எண்டார்பின் போன்ற, அபினைப் போலச் செயல்படும் ஓபியாய்டு பெப்டைடுகளைக் கொடுத்தால் இந்த அளவு குறையும். தடை தளர்வதால் புரோலாக்டின் ஏறும். ஓபியாய்டு ஏற்பிகளைத் தடுக்கும் நலாக்சோன் கொடுத்தால் அந்த ஏற்றம் தடைபடும். டோபமைன் ஏற்பித் தடுப்பான்களை மட்டும் நம்பி முடிவு செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. அவை தாமாகவே புரோலாக்டினை உச்சத்துக்குக் கொண்டுபோய்விடுவதால், அதற்குமேல் பெப்டைடு என்ன செய்தது என்று பிரித்தறிவது கடினம்.

வெளியிலிருந்து செலுத்திய பெப்டைடு ஒரு விளைவைத் தந்தது என்பதாலேயே, விலங்கு தன் அன்றாட வாழ்வில் அதைப் பயன்படுத்துகிறது என்றாகிவிடாது. இதைத் தீர்மானிக்க, உடலில் ஏற்கெனவே உள்ள பெப்டைடை எதிர்ப்பொருளால் முடக்கிப் பார்க்க வேண்டும். 1970இல் பன்றியின் குடலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட விஐபி (வாசோஆக்டிவ் இன்டெஸ்டினல் பெப்டைடு) என்ற பெப்டைடுக்கு எதிராகப் பெண் வான்கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டபோது, அவற்றின் புரோலாக்டின் தாழ்ந்தது. அடைகாக்கும் இயல்பும் குன்றியது. பறவைகளில் விஐபியே ஹைபோதலமஸின் முதன்மையான புரோலாக்டின் தூண்டியாக இருப்பதால், கோழியினங்களில் இம்முறையைக் கையாள்பவர்கள் டோபமைனின் தடையிலிருந்து தொடங்காமல், விஐபியின் தூண்டலை முடக்குவதிலிருந்தே தங்கள் சோதனையைத் திட்டமிட வேண்டும்.